மூச்சுக்கு நன்றி சொல்லக் கூடாது

அக்கா,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து தான் அங்கே இருக்கவில்லை, தன் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது. என் கணவரின் தமக்கை புவனேஸ்வரி. நான் கூப்பிடுவது புவனம் மச்சாள் என்று. அவருடைய மகள் சுதா. சுதாவின் கணவன் ரமணன். அவர்களுடைய ஐந்து வாரக் குழந்தை. பெயர் வைத்து அரைமணி நேரம்கூட ஆகாததால் எல்லோரும் குஞ்சு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். என் மகள் வதனி. நான். சன்னலோரக் கதிரையில், மடியில் வடைத் தட்டோடு, நீங்கள்.

ஏழு பேர். பிராங்பேர்ட்டில், எஸ்-பான் ரயில் தண்டவாளம் தெரிகிற மூன்றாம் மாடி, மச்சாளின் வீடு. பதினொரு வருடமாகிறது; யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

இன்று காலை குசினி அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது, கடலைமாப் போத்தலுக்குப் பின்னால் உங்கள் பாசி கிடந்தது. கடைசித் தரம் உங்கள் ஊருக்குப் போய் வந்தபோது நீங்களே கடற்கரைக் கல்லில் கிள்ளிக் காயவைத்துக் கொண்டுவந்த பாசி, ஒரு கைப்பிடி. எனக்கும் இரண்டு நாளாக இருமல். கழுவி, பாலில் போட்டு, எலுமிச்சைத் தோல் சீவி, நீங்கள் சொன்ன மாதிரியே சின்ன நெருப்பில் கொதிக்க வைத்தேன். ஒரு கொதியில் கடல் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. மேல்மாடியில் உங்கள் வீட்டுக்கு இப்போது குடிவந்திருக்கிற ஆசிரியை இறங்கி வந்து கதவைத் தட்டினா. "மன்னிக்கவும், உங்களிடம் மீன் ஏதாவது பழுதாகிவிட்டதா?" என்று கேட்டா. "இல்லை, இது மருந்து" என்றேன். நம்பாத முகத்தோடு மேலே போனா. நீங்கள் நடந்த தரையில் அவவின் காலடி கேட்டது. அதற்குப் பிறகு என்னால் அந்தப் பாலை உடனே குடிக்க முடியவில்லை.

அதுதான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இனி உங்களுக்கு எல்லா மொழியும் விளங்கும் என்று நினைக்கிறேன். உங்கள் செத்தவீட்டில் பாதிரியார் உங்களை அமைதியான பெண்மணி என்று சொன்னார். பின்வரிசையில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்து, இருமுவதுபோல நடித்தேன். அவர் சொன்ன ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நினைவில் பிழை இராது.

நீங்கள் பேசியது ஜெர்மன். அயர்லாந்துக் காற்றடிக்கிற ஜெர்மன். நான் பேசியது சலவைக்கூடத்து ஜெர்மன். இரண்டும் சேர்ந்தால் மூன்றாம் ஆளுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

விடுதித் துணிகளை மடிக்கிற அந்தக் கூடத்தில் நான் சேர்ந்து இரண்டாம் கிழமை, "என்ர கோட்டுப் பைக்குள்ள வீட்டுத் திறப்பு இருக்கு, எடுத்துத் தா" என்றீர்கள். கையை விட்டேன். சுருங்கிப்போன உருளைக்கிழங்கு ஒன்று வந்தது. பாவம், இந்த வெள்ளைக்காரியும் எங்களைப் போலத்தான், சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தின்கிறா என்று நினைத்து, அடுத்த நாள் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு வந்து, ஒருவரும் காணாமல் உங்கள் கையில் வைத்தேன். விஷயம் விளங்கியதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் மடித்து அடுக்கிய துவாய்கள் சரிந்தன. "வாதத்துக்கடி! கிழங்கு பைக்குள்ள சுருங்கச் சுருங்க முழங்கால் வலியும் சுருங்கும்." கிழங்கு சுருங்கியதை நான் முப்பத்தாறு வருடம் கண்ணால் கண்டேன். வலி சுருங்கியதைக் காணவில்லை. ஆனால் சோறும் பருப்பும் அன்றைக்கே முடிந்துவிட்டன.

வைகாசி பிறந்தால் மூன்று தரம் காஞ்சொறி இலை சாப்பிட்டாக வேண்டும், இரத்தம் சுத்தமாகும் என்று மைன் ஆற்றங்கரைக்குக் கையுறையோடு இழுத்துப் போவீர்கள். நான் அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து தந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தீர்கள். "இது ருசியா இருக்கு. ருசியா இருந்தால் வேலை செய்யாது." அதே நாக்கு என் வேர்க்கொம்புக் கொத்தமல்லித் தண்ணீரைத் துப்பியதையும் நான் மறக்கவில்லை. எனக்கு மூக்கடைத்துத் தடிமன் வந்தபோது, கராம்பும் எலுமிச்சையும் போட்டு ஒரு சுடுதண்ணீர் தந்தீர்கள், குடித்தேன், பின்னேரம் நான்கு மணிக்குப் படுத்தவள் அடுத்த நாள் விடிந்துதான் எழும்பினேன். அதற்குள் விஸ்கி இருந்தது என்று தெரிந்ததும் ஒன்பது நாள் உங்களோடு பேசவில்லை. பத்தாம் நாள் கதவுக்கு வெளியே நின்று கத்தினீர்கள்: "கோபம் இருக்கட்டும், தடிமன் போச்சோ இல்லையோ? அதைச் சொல்லு!"

போய்த்தான் இருந்தது. சொல்லவில்லை.

இவ்வளவு நெருங்கியும் ஒரு விஷயத்தில் உங்களுக்கு நான் பொய் சொல்லியிருந்தேன். வதனியின் தகப்பன் போரில் போய்விட்டார் என்று சொன்னேன். எப்போது போனார் என்பதை மாற்றிச் சொன்னேன். "மகளைத் தூக்கி வைச்சிருந்தவர், ஒரு மாதம்" என்றேன். அவர் தூக்கவில்லை, அக்கா. பார்க்கவே இல்லை.

பயணத்துக்கு ஒரு இடம்தான் கிடைத்தது. அது அவருக்கென்று எடுத்தது. எனக்கு ஆறாம் மாதம். "நீ முதல் போ, நான் பின்னால வாறன்" என்று என்னை ஏற்றிவிட்டார். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் குளிரில் இறங்கி, அகதி விடுதியில் ஏழாவது கிழமை, கடிதம் வந்தது. அவரை வழியில் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஐந்து கிழமை கழித்து வதனி பிறந்தாள்.

பிறகு புவனம் மச்சாளும் இந்த நாட்டுக்கு வந்தா. வந்த நாளே தொட்டிலில் கிடந்த பிள்ளையை எட்டி நின்று பார்த்தா. அந்தப் பிள்ளை வயிற்றில் வராவிட்டால் தம்பி அந்த இடத்தில் ஏறி வந்திருப்பான் என்பது அவவின் கணக்கு. தம்பியை அவவும் இழந்தவதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை ஒரு குழந்தையின் தலையில் எழுதினா. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு, வீடு குடிபுகுதல், எங்கே போனாலும் எங்களுக்கு முன்னால் அந்தச் சொல் போய் நிற்கும். தகப்பனைத் தின்றுவிட்டுப் பிறந்தவள். எட்டு வயதில் ஒரு கலியாணத்தில், மணப்பொம்பிளை வரும் வழியில் நிற்காதே என்று வதனியைத் தோளில் பிடித்து ஒதுக்கினா. வீட்டுக்கு வரும் வழியில் எஸ்-பானில் பிள்ளை என்னைக் கேட்டாள்: "அம்மா, நான் அப்பாவை என்ன செய்தனான்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமோ? "சத்தம் போடாதே, ஆக்கள் பார்க்கினம்" என்றேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் குழந்தையைக் கண்டாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். படித்தாள், பல் வைத்தியரிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தாள், வேலைக்குப் போனாள், இருபத்தேழு வயது வந்தது. வந்த சம்பந்தம் இரண்டும் மச்சாளின் வாயைத் தாண்டி வரவில்லை. மூன்றாவது வந்தபோது, "எனக்கு வேண்டாம் அம்மா, சும்மா ஏன் திரும்பத் திரும்ப" என்றுவிட்டாள். நீங்கள் இவ்வளவும் பார்த்தீர்கள், காரணம் தெரியாமல். அவள் வெட்கப்படுகிற பிள்ளை என்று நினைத்திருந்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுதா வந்து உங்களையும் சேர்த்து அழைத்ததால்தான் போனோம். சுதா நல்லவள், தாயின் வாய் அவளுக்கு வரவில்லை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து பெயர் வைக்கிற நாள். குஞ்சு ஓயாமல் அழுதது. வாயைத் திறந்தால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை. நாங்கள் அக்கரம் என்போம். பால் குடிக்க முடியாமல் முலையைப் பிடிப்பதும் விடுவதும் வீரிடுவதுமாக இருந்தது. வைத்தியர் தந்த ஜெல் முதல் நாள்தான் பூசத் தொடங்கியிருந்தார்கள். சுதாவின் கையிலிருந்த துவாய் விழுந்தது. வதனிதான் பக்கத்தில் இருந்தாள். எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள்.

"அவளை எட்ட நிக்கச் சொல்லு," என்றா மச்சாள். மெல்லிய குரல்கூட இல்லை. "என்ர தம்பியைத் திண்டிட்டுப் பிறந்தது. என்ர பேரனுக்குக் கிட்ட வேண்டாம்."

வதனி துவாயை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கைகள் பின்னால் போயின. நீங்கள் வடையைக் கடிக்காமல் அவள் முகத்தைப் பார்த்தீர்கள். "என்ன சொன்னவ?" என்று என்னைக் கேட்டீர்கள். "ஒன்றுமில்லை, பிள்ளைக்குக் குளிராம்" என்றேன். நீங்கள் சுதாவின் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், உங்களைவிட நல்ல ஜெர்மன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தட்டைக் கீழே வைத்தீர்கள். எழும்பி வதனியிடம் போனீர்கள்.

"உன்ர தகப்பனை நீ கண்டதே இல்லையோ?"

"இல்லை."

"ஒருக்காலும்? ஒரு நிமிசமும்?"

"நான் பிறக்க முதலே செத்துட்டார்."

சிலுவை போட்டுக்கொண்டீர்கள். பிறகு என் மேல் பாய்ந்தீர்கள்: "இருபத்தாறு வருசம் உன்ர தலைக்கு மேல குடியிருக்கிறன்! இதை எனக்கு ஒளிச்சனியோ? எங்கட ஊரில இந்தப் பெட்டையைத் தேடிப் பத்து மைல் நடந்து வருவினம். தகப்பன் முகம் காணாத பிள்ளையின்ர மூச்சிலதான் இந்த வாய்ப்புண்ணுக்கு மருந்து இருக்கு! மூண்டு காலை, வெறும் வயித்தோட, குழந்தையின்ர வாய்க்குள்ள மூண்டு தரம் ஊதவேணும். எங்கட பக்கத்து வீட்டில ஒரு கிழவன் அப்பிடி இருந்தவன். கோயில்ல அவனுக்கு முன் இருக்கை."

நான் நின்ற இடத்தில் என் பொய் எனக்கு முன்னால் நின்றது. உண்மையைச் சொல்லியிருந்தால் வதனிக்கு ஒரு வயதிலேயே நீங்கள் இதைச் சொல்லியிருப்பீர்கள். எஸ்-பானில் அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

ரமணன் வங்கியில் கணினி வேலை. சிரித்தான். "ஊதினால் பங்கஸ் போகுமோ?"

"நீர் கீபோர்டுக்கு ஊதுறேல்லையோ, தூசி போக?" என்றீர்கள். "போகுதோ இல்லையோ?"

சுதா குழந்தையோடு எழும்பினாள். "மாமி," என்று என்னைப் பார்த்துச் சொல்லி, பிறகு வதனியைப் பார்த்தாள். "வதனி, ஊதிவிடுமன். கேக்கிறன்."

"உனக்கென்ன விசரோ?" என்றா மச்சாள்.

நான் கோட்டை எடுத்துவிட்டேன். "வா வதனி, போவம். இவ்வளவு காலமும் எட்ட நிண்டவள், இனியும் எட்டவே நிக்கட்டும்." நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். தாய் கேட்டுவிட்டாள், இனி மறுக்க ஏலாது, அது விதி என்றீர்கள். கேட்டு வந்தவரைத் திருப்பினால் அந்த வரம் போய்விடும். "போனால் போகட்டும்" என்றேன்.

"உன்ர கோபம் உன்ரை," என்றீர்கள். "மூச்சு அவளின்ரை."

வதனி என்னைப் பார்க்கவில்லை. "நான் பல் வைத்தியரிட்ட வேலை செய்யிறன். நான் ஊதினன் எண்டு தெரிஞ்சால் அங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பினம்," என்றாள். நீங்கள் கீழே வைத்த வடைத் தட்டைப் பார்த்தாள். "இண்டைக்கு வடை சாப்பிட்டிட்டன். நாளைக்குக் காலமை வாறன். ஜெல்லை நிப்பாட்டாதேங்கோ."

திங்கள் காலை ஆறு மணி எஸ்-பானில் மூன்று பேர் போனோம். உங்கள் கோட்டுப் பையில் கிழங்கு. மச்சாளின் வீட்டு வாசற்படி இனி மிதிப்பதில்லை என்று முதல் நாள் சொல்லியிருந்தேன். ஆகவே மிதியடிக்கு இந்தப் பக்கம் படிக்கட்டில் நின்றேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன். நீங்கள் உள்ளே போகும்போது, "நீ பார்சல் மாதிரி இப்பிடியே நில்லு, தபால்காரன் முத்திரை ஒட்டிக்கொண்டு போகட்டும்" என்றீர்கள்.

சுதா குழந்தையை நீட்டினாள். வதனியின் கைகள் வரவில்லை. வேண்டுமென்று இல்லை, அக்கா. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன். அவை அந்தப் பக்கம் போகப் பழகியே இருக்கவில்லை. நீங்கள் அவளுக்குப் பின்னால் போய், ஒவ்வொரு கையாக, சட்டையின் கையை மாட்டிவிடுகிறதுபோல முன்னால் எடுத்துவிட்டீர்கள். குஞ்சை மடியில் வைத்தாள் சுதா. அது வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. வதனி குனிந்தாள். நீங்கள் உங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தீர்கள். ஒரு மூச்சு. குஞ்சு திகைத்து வாயைத் திறந்தபடி கிடந்தது. இரண்டாவது மூச்சு. மூன்றாவது மூச்சுக்குத் தும்மியது, அவள் முகத்திலேயே. வதனி சிரித்தாள். அந்த வீட்டுக்குள் அவள் சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். மச்சாள் குசினி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. முதுகுக்குக் காது உண்டு.

செவ்வாய்க்கிழமை மச்சாள் முதுகைக் காட்டவில்லை. ஊதி முடிந்ததும் குசினியிலிருந்து ஒரு கோப்பையோடு வந்தா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை," என்றா. பிள்ளை என்று! இருபத்தேழு வருடத்தில் அந்தக் குசினியில் என் மகளுக்கென்று தண்ணீர் கொதித்தது அதுதான் முதல் தடவை. வதனி கையை நீட்டிவிட்டாள்.

நீங்கள் இடையில் புகுந்தீர்கள். "வேண்டாம்! குடிச்சால் அது கூலி. கூலி வாங்கினால் மருந்து பலிக்காது." மச்சாள் கோப்பையோடு அப்படியே நின்றா. ஆவி பறந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் நின்ற எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் அந்தத் தேநீரை ஓடிப்போய்ப் பிடுங்கி மகளின் வாயில் ஊற்ற வேண்டும் போல இருந்தது.

புதன்கிழமை அவர்கள் எங்கள் வழக்கப்படி செய்துவிட்டார்கள். சுதா சொல்லவில்லையாம், மச்சாளே விடிய எழும்பி ஆயத்தம் செய்தாவாம். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், ஒரு சேலை, மேலே ஒரு பூ. கடைசி மூச்சு முடிந்து குஞ்சு உதட்டைச் சப்பிக்கொண்டிருக்கும்போது தாம்பாளத்தோடு வந்தா. நீங்கள் கண்டதும் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பவரைப்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தீர்கள். "உள்ளுக்குக் கொண்டு போ! உள்ளுக்கு! ஒண்டும் குடுக்கக் கூடாது. நன்றி எண்ட சொல்லும் வரக் கூடாது!" சுதா தமிழில் சொன்னாள். ஒரு வாழைப்பழம் உருண்டு என் மிதியடிவரை வந்தது. நான் தொடவில்லை.

மச்சாள் தாம்பாளத்தை மேசையில் வைத்தா. வதனியின் முகத்தை நேராகப் பார்த்தா. வாயைத் திறந்தா. நீங்கள் உங்கள் உள்ளங்கையை அவவின் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தீர்கள், வாகனத்தை மறிக்கிற பொலிஸைப்போல. வாய் மூடிக்கொண்டது.

அந்த வாய்க்குள் என்ன சொல் இருந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் பத்து வருடம் சண்டை பிடித்தோம்.

வியாழக்கிழமை குஞ்சின் வாய் சிவப்பாக, சுத்தமாக இருந்தது. ஒழுங்காகப் பால் குடித்தது. ஜெல்தான் காரணம் என்று வைத்தியர் சொன்னார் என ரமணன் தொலைபேசியில் சொன்னான். "ஓம், ஜெல்லும்தான்," என்றீர்கள். "ஜெல்லுக்கு நன்றி சொல்லலாம், அதுக்குத் தடையில்லை."

ஊதினால் பங்கஸ் போகுமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வதனியைக் கேட்டால், "வைத்தியரின்ர மருந்தை விடாதேங்கோ" என்றுதான் முதலில் சொல்வாள். எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஊதுகிறாள். ஆனால் அந்த மூன்று காலைகளுக்குப் பிறகு கதை எஸ்-பானைவிட வேகமாக ஓடியது. ஒஃபன்பாக்கிலிருந்து ஒரு குழந்தை வந்தது. மைன்ஸிலிருந்து ஒன்று. சனிக்கிழமைகளில் எங்கள் வாசல் மணி அடித்தது. தகப்பனைத் தின்றவள் என்று ஒதுங்கினவர்கள் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, நன்றி சொல்லக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். நீங்கள் மேலிருந்து இறங்கி வந்து கதவருகே நின்று, யாராவது கையில் பை கொண்டுவருகிறார்களா என்று பார்ப்பீர்கள்.

தன் தமக்கையின் குழந்தையைக் கொண்டுவந்த ஒருவன் மூன்றாம் நாள் படியிறங்கிப் போய், பிறகு திரும்பி ஏறி வந்தான். "நன்றி சொல்லக் கூடாதாம். அது சரி. இன்னொரு நாள் கோப்பி குடிக்க வாறீரோ எண்டு கேக்கலாமோ? அது கூலியில்லைத்தானே?" வதனி உங்களைப் பார்த்தாள். நீங்கள் பாப்பரசரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு யோசித்தீர்கள். "குழந்தையின்ர வாய் முழுக்கச் சுகமான பிறகு கேக்கலாம்," என்றீர்கள். பத்து நாள் பொறுத்துக் கேட்டான். அவன்தான் என் மருமகன். அவர்களின் மகளுக்கு இப்போது ஆறு வயது. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கியது தகப்பன். நான் கண்ணால் கண்டேன். இனி அதைப்பற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கலியாணத்தில் மச்சாள் முன்வரிசையில் இருந்து, வந்தவர்களிடமெல்லாம் சொன்னா: "எங்கட குடும்பத்துப் பிள்ளைக்கு வந்த வரம்." என் காதில் விழுந்தது. நீங்கள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திராவிட்டால் அந்தக் கலியாணம் வேறு மாதிரிப் பேசப்பட்டிருக்கும்.

கடைசியாக உங்களோடு பேசிய பின்னேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே தொடங்கினீர்கள். "புவனத்தை விட்டுவிடு. அண்டைக்கு அவள் மன்னிப்புக் கேக்கத்தான் வாயைத் திறந்தவள். முகத்தைப் பார்த்தனான். மறிச்சது நான்."

"நீங்கள் மறிச்சது ஒரு காலமை, அக்கா. அதுக்குப் பிறகு எத்தினை காலமை விடிஞ்சது?"

சிரித்தீர்கள், அது இருமலாக மாறியது. "நீ அயர்லாந்தில பிறந்திருக்க வேண்டியவள். அங்கயும் இப்பிடித்தான், மூண்டு தலைமுறைக்குக் கதைக்க மாட்டினம்." பிறகு, "யோசிச்சாவது பார்" என்றீர்கள். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அது. பொய்யாகிவிடக் கூடாதென்று நிஜமாகவே யோசித்தேன்.

நேற்று டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். இந்தியத் தமிழ், அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். "ஆன்ட்டி, நான் சயின்டிஸ்ட். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. டாக்டர் மெடிசின் குடுத்துட்டு இருக்கார், அது பாட்டுக்குப் போகுது. ஆனா பாப்பா ராத்திரி பகலா அழுறா, அம்மா ஊர்லேருந்து வீடியோ கால்ல அழுறாங்க, நானும் அழுறேன். ஜஸ்ட் ஒரு தடவை உங்க பொண்ணு வந்து பார்ப்பாங்களா?"

"ஒரு தடவை இல்லை பிள்ளை, மூன்று," என்றேன். "தேத்தண்ணி போடக் கூடாது. என் இலக்கம் யார் தந்தது?"

"புவனம் ஆன்ட்டின்னு ஒருத்தங்க, கோயில்ல பார்த்தேன். 'அவ எங்க வீட்டுப் பிள்ளை, தங்கம், கூப்பிட்டா வராம இருக்கமாட்டா'ன்னு சொன்னாங்க."

வதனி நாளைக்குக் காலை போகிறாள். வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டாள். இப்போது அவள் வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் தெரியும். சிரிக்கிறார்கள்தான், ஆனால் போன மாதம் அங்கே வரவேற்பில் இருக்கிற ஜெர்மன்காரி தன் பேத்தியைப் பற்றி மெல்ல விசாரித்தாளாம். நானும் கூடப் போகிறேன், நீங்கள் நின்ற இடத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டுமே. யாராவது தாம்பாளத்தோடு வந்தால் மறிக்க என்னால் முடியும். என் முகத்தைப் பார்த்தாலே பயப்படுவார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

கேட்டு வருகிறவரைத் திருப்பக் கூடாது என்ற உங்கள் விதியை நான் வைத்திருக்கிறேன், அக்கா. எனக்கு அது இலேசான விதி இல்லை. நாளைக்கே புவனம் மச்சாள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாலும் கதவைத் திறப்பேன். கதிரை போடுவேன். வதனியைக் கூப்பிடுவேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். நன்றி சொல்லக் கூடாது என்பது உங்கள் ஊர் விதி. மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று உங்கள் ஊரிலும் விதியில்லை, எங்கள் ஊரிலும் இல்லை. கோயிலில் கண்ட முன்பின் தெரியாத பெண்ணிடம் தங்கம் என்று சொல்ல முடிந்த வாயால், அந்தத் தங்கத்தின் முகத்தைப் பார்த்து, அன்று சொன்னது பிழை பிள்ளை என்று ஒரு வரி சொல்ல முடியவில்லை. வதனி எப்போதோ விட்டுவிட்டாள்; "அம்மா, எனக்கு அது வேண்டாம், அதைச் சுமக்க எனக்கு நேரமில்லை" என்கிறாள். அது அவளுடைய மூச்சு. இது என்னுடைய கோபம். பிரித்துத் தந்தது நீங்கள்தான்.

யோசித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். என் கணவரைச் சுட்டவன் யாரென்று தெரியாது. முகமில்லாத ஒருவனை வெறுத்து வெறுத்துக் களைத்து, என்றோ ஒரு நாள் கைவிட்டுவிட்டேன். சிரித்ததற்காக ரமணனை மன்னித்தேன். எட்டு வயதுப் பிள்ளையை வாய்மூடச் சொன்ன என்னை முக்கால்வாசி மன்னித்திருக்கிறேன். மீதியை என் பேத்தி ஒவ்வொரு நாளாகக் கரைக்கிறாள். புவனேஸ்வரியை மன்னிக்க மாட்டேன்.